மூக்கன்கள் கிளம்பும் சாயங்காலம்

நேரத்தை வைத்து அண்ணியை ஏமாற்றிவிடலாம் என்று கடைசியாக நினைத்த ஆள், அவளுடைய நாத்தனார்தான். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன கதை. ஆனால் அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று தெரிந்தால் யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அண்ணி பேருந்து நிலையத்தில் நேரம் பார்ப்பவள். டைம் கீப்பர். நிலையத்தின் நடுவில் நாலு பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு கூண்டு. உள்ளே ஒரு மேஜை, ஒரு மைக், உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாயும் ஒரு நாற்காலி. வருகிற வண்டிக்கு வந்த நேரத்தை எழுதி, போகிற வண்டியைப் போகச் சொல்லி, இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கூண்டிலேயே காலத்தை ஓட்டிவிட்டாள். டிரைவர்கள் அவளை 'டைம் அம்மா' என்பார்கள். மைக்கில் அவள் குரல் வந்தால் பாதி குடித்த டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார்கள். டயர் பஞ்சர், பாலத்தில் நெரிசல், குறுக்கே ஆடு வந்தது என்று எத்தனையோ பேர் எத்தனையோ கதை சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். அண்ணி பதில் பேச மாட்டாள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பாள். சொன்னவனுக்கே தன் கதை மேல் நம்பிக்கை போய்விடும்.

ஊரையே வழியனுப்பினாளே தவிர அவள் எங்கும் போனதில்லை. நாத்தனார் இதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வாள்.

"ஊருக்கெல்லாம் வண்டி விடுறீங்களே அண்ணி, நம்ம வீட்டுல ஒரு நாளாவது மூட்டை கட்டியிருப்போமா?"

"போறவங்களுக்கு யாராவது டைம் பாக்கணும்ல? நீ வேணா போ, நான் மைக்ல சொல்றேன்" என்பாள் அண்ணி.

இரண்டு பேருக்கும் நாக்கு நீளம். நாத்தனார் சலவைக் கம்பெனியின் வேன் ஓட்டுகிறவள். ஆஸ்பத்திரிகள், லாட்ஜுகளின் அழுக்குப் போர்வைகளை ஏற்றிக்கொண்டு போய் வெளுத்துக் கொண்டுவந்து இறக்குவாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், அதே தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு மாடி அறை. அண்ணியின் கணவர், அதாவது இவளுடைய அண்ணன், மருந்துக் கடையில் இருக்கிறார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதைக் கல்யாணமான முதல் மாதமே தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்ட புத்திசாலி.

பறவைப் பைத்தியம் ஒரு பைனாகுலரால் வந்தது. கடற்கரைச் சேற்றுநிலம் வரை போகிற வண்டியில் யாரோ மறந்துவிட்டுப் போனது. கண்டக்டர் கொண்டுவந்து கூண்டில் கொடுத்தார். வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்தும் யாரும் கேட்டு வரவில்லை. அண்ணி அதை வேலைக்கு வைத்துக்கொண்டாள். தூரத்து வளைவில் திரும்பும்போதே வண்டியின் எண் தெரிந்துவிடும், வண்டி உள்ளே நுழைவதற்கு முன்பே மைக்கில் அந்த எண்ணைச் சொல்லி "ஏன் லேட்?" என்று கேட்டு டிரைவர்களை அரள வைத்தாள். வண்டி வராத ஒரு மத்தியானம் சும்மா அதைத் திருப்பி, பணிமனைக்குப் பின்னால் தேங்கிக் கிடந்த எண்ணெய்த் தண்ணீர்க் குட்டையைப் பார்த்தாள். ஒரு சின்னப் பழுப்புப் பறவை, பின்பக்கத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே சேற்றைக் கிண்டிக்கொண்டிருந்தது. அது உள்ளான் என்பதும், உலகத்தின் வடக்கு முனைப் பக்கத்திலிருந்து வருஷா வருஷம் கிளம்பி இவ்வளவு தூரம் வருகிறது என்பதும் பிறகுதான் தெரிந்தது.

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தொடவே இல்லை. "என் கைப்பிடிக்குள்ள அடங்கிடும் அது. நம்ம டிப்போ குட்டைக்கு வர்றதுக்காகவா அத்தனை தூரம் பறந்துச்சு? அதுக்கு யாரு டைம் சொன்னா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அண்ணனும் நாத்தனாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு வார விடுப்பு நாளெல்லாம் அந்தக் கடற்கரைச் சேற்றுநிலத்துக்கு வண்டி ஏறிவிடுவாள். வற்றிய கடல் விட்டுப்போன சேறு, கண்ணுக்கு எட்டிய வரை. கரை மேல் நின்று பார்ப்பாள். நாத்தனாரும் சில நாள் கூடப் போவாள், பெரும்பாலும் கேலி செய்வதற்கு. அங்கேதான் அண்ணிக்கு மூக்கன்கள் அறிமுகமாயின. நீண்ட கால், அதைவிட நீண்ட அலகு, அலகின் நுனி லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். அந்த அலகை வேர் வரை சேற்றில் சொருகிச் சொருகி எடுக்கும். "பேரு மூக்கன்னு சரியாத்தான் வச்சிருக்காங்க. நம்ம அண்ணா கூட இங்க நின்னா கண்டுபிடிக்க முடியாது" என்றாள் நாத்தனார். அண்ணி சிரித்துவிட்டாள். அண்ணனுக்கு நல்ல மூக்கு.

வருஷா வருஷம் அவை வருவதைப் பார்த்தாள். வெளிறிப் போய், எலும்பும் தோலுமாக வந்து இறங்கி, தின்று தேறுவதைப் பார்த்தாள். கிளம்புவதை மட்டும் பார்த்ததில்லை. அவை கிளம்புவது ஏப்ரலில். அது பள்ளிக்கூட விடுமுறை தொடங்கும் சமயம், சிறப்பு வண்டிகள், கூட்டம், மூச்சு விட நேரமில்லை. அந்த மாதத்தில் டைம் அம்மாவுக்கு யார் லீவு கொடுப்பார்கள்? அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லிக்கொண்டாள்.

அப்புறம் அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் போயின.

இப்போது வாரத்தில் மூன்று காலை, செவ்வாய், வியாழன், சனி, ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் இயந்திரத்தோடு கட்டிப்போட்டது போல உட்கார்ந்திருக்க வேண்டும். ரத்தம் குழாயில் வெளியே போய், சுத்தமாகி, திரும்பி வரும். நாத்தனார்தான் வேனில் கொண்டுபோய் விடுவாள். எப்படியும் அந்த ஆஸ்பத்திரிப் போர்வைகள் அவள் கம்பெனிக்குத்தான் வரும். மற்ற நாட்களில் அண்ணி கூண்டுக்குப் போய்ப் பாதி நாள் வேலை பார்த்தாள். குடிக்கிற தண்ணீருக்கு அளவு. அண்ணன் மருந்துக் கடைப் பழக்கத்தில் ஒரு பாட்டிலில் கோடு போட்டு வைத்து, அந்தக் கோட்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

ஒரு வியாழக்கிழமை, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் நாத்தனார் உட்கார்ந்திருக்க, அண்ணி கைப்பேசியில் எதையோ படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். ஊசி குத்திய கை ஆட, இயந்திரம் கூவ, "என்னம்மா ஆச்சு?" என்று சிஸ்டர் ஓடி வந்தாள். அண்ணியால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

"கேளுடி இதை. இந்த மூக்கன் இருக்கே, கிளம்புறதுக்கு முன்னாடி தின்னு தின்னு உடம்பு பூரா கொழுப்பை ஏத்திக்குமாம். அப்புறம், பறக்கிறதுக்குத் தேவைப்படாததையெல்லாம் சுருக்கிக்குமாம். இரைப்பை, குடல், ஈரல். அப்புறம் என்ன தெரியுமா? கிட்னி."

"என்ன அண்ணி உளர்றீங்க?"

"நிஜமாத்தான். கிட்னியச் சுருக்கிக்கிட்டு கிளம்பிடுமாம். நடுவுல சில சமயம் ராத்திரி பகலா இறங்காமகூடப் பறக்குமாம். போய்ச் சேர்ந்து தின்ன ஆரம்பிச்சதும் எல்லாம் மறுபடி வளந்துக்குமாம். இங்க நான் ஒரு மாடிப்படி ஏற முடியாம நிக்கிறேன்."

சொல்லிவிட்டு அழுதாள். இத்தனை வருஷத்தில் அண்ணி அழுது நாத்தனார் பார்த்தது அன்றைக்குத்தான். துடைத்துவிட நாத்தனார் வெள்ளைப் போர்வையின் நுனியைத்தான் எடுத்தாள், வேறொன்றும் கைக்கு அகப்படவில்லை.

அன்று திரும்பும்போது வேனில் அண்ணி சொன்னாள், மைக்கில் வண்டி எண் சொல்கிற அதே குரலில்.

"இந்த ஏப்ரல்ல அதுங்க கிளம்புறதைப் பாத்துடணும். என்னைக் கூட்டிட்டுப் போ. அதைப் பாத்துட்டேன்னா போதும். அதுக்கப்புறம் இந்த ஊசி வேணாம்னு சொல்லிடப் போறேன்."

ஊசி வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு. இதயமும் களைத்து வருகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் இன்னும் காலம் இருக்கிறது என்றும் சொல்லியிருந்தார்.

"அண்ணாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா அவரு கடையில மாத்திரையத் தப்பா எடுத்துக் குடுத்துடுவாரு. நீயும் சொல்லாதே. நான் அலுத்துட்டேன்டி. கோவம் இல்ல, வருத்தம் இல்ல. அலுத்துட்டேன், அவ்வளவுதான்."

அன்றிலிருந்து நாத்தனார் இருதலைக் கொள்ளி எறும்பு. கூட்டிக்கொண்டு போனால் அண்ணி போய்விடுவாள். போகாவிட்டால், வாழ்நாளில் தனக்கென்று எதுவும் கேட்காதவள் கேட்ட ஒன்றை இல்லையென்று சொன்ன பாவம். பல நாள் போர்வை மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து யோசித்தாள். கடைசியில் ஒரு வழி தெரிந்தது. கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஆனால் பார்க்கக் கூடாது. ஏப்ரல் தாண்டிவிட்டால் மூக்கன்கள் போய்விடும், மறுபடி அடுத்த ஏப்ரல்தான். பார்க்காமல் அண்ணி விட மாட்டாள். அப்படியானால் ஒரு வருஷம் ஊசி குத்திக்கொள்வாள். ஒரு வருஷம்! இவ்வளவு நல்ல திருட்டுத்தனம் அவள் அதுவரை செய்ததில்லை.

அண்ணியோ தன் பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பேருந்து அட்டவணைக்குப் பக்கத்தில் கடல் ஏற்ற இறக்க அட்டவணையையும் ஒட்டி வைத்தாள். மூக்கன்கள் பெரும்பாலும் சாயங்காலத்தில் கிளம்பும். கடல் ஏறிச் சேற்றை மூடும்போது எல்லாம் கரையோரம் வந்து கூடும், அப்போது பார்ப்பது சுலபம். ஆனால் ஏற்றம் நாளுக்கு நாள் தள்ளிப் போகும். அது சாயங்காலத்தில் வருவது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, சில நாட்கள் மட்டும். அதிலும் ஆஸ்பத்திரி நாள் ஆகாது, ஊசி முடிந்தால் பிழிந்த துணியாகிவிடுவாள். காற்றும் பின்னாலிருந்து தள்ள வேண்டும். "எல்லாம் ஒரே ஸ்டாப்புல வந்து நிக்கணும்டி" என்றாள். மாதத்தின் முதல் வாய்ப்பில் அவளுக்குக் காய்ச்சல். இரண்டாவதில் ஒரு ஞாயிறும் திங்களும் கிடைத்தன. அதைத் தாண்டினால் இந்த வருஷம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். கரை மேல் நாற்காலி போட்டு அண்ணியை உட்கார வைத்துவிட்டு நாத்தனார் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தண்ணீர் ஏற ஏறப் பறவைகள் நெருங்கி வந்தன. நாத்தனார் கேலி செய்ய வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். அவை அவளுக்குத் தெரிந்த மூக்கன்களே இல்லை. வெளிறிக் கிடந்தவை எல்லாம் முகத்திலிருந்து வயிறு வரை செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தன. உடம்பு பருத்து, நடக்கும்போது வயிறு ஆடியது. ஆயிரமோ, இரண்டாயிரமோ. எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்து நின்று விடாமல் கத்தின. திடீரென்று ஒரு கூட்டம் எழும்பும், ஒரு சுற்றுச் சுற்றும், மறுபடி இறங்கிவிடும். காற்று வடக்கிலிருந்து அவற்றின் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. இருட்டும் வரை ஒன்றும் கிளம்பவில்லை.

"வண்டி ரெடி, பாசஞ்சர் ரெடி, சிக்னல் வரல" என்றாள் அண்ணி. குரலில் ஏமாற்றம் இருந்தது. நாத்தனார் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மனதுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னாள். ஒரு நாள் கழிந்தது. இன்னும் ஒரு நாள்தான் கழிய வேண்டும்.

திங்கட்கிழமை அண்ணியின் கால்கள் வீங்கியிருந்தன. கடைசி ஊசி போட்டு இரண்டு நாளாகிவிட்டால் அப்படித்தான். உடம்பில் தண்ணீர் சேர்ந்து, பேசினாலே இளைக்கும். அண்ணன் "இன்னைக்கு வேணாமே" என்று ஆரம்பித்தார். அண்ணி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். அவர் கோடு போட்ட பாட்டிலை எடுத்து நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு, வாசலில் நின்றுகொண்டார்.

"வழியில ரெண்டு லாட்ஜ் இருக்கு அண்ணி, துணி எடுத்துட்டுப் போயிடலாம். இன்னைக்கு ஏற்றமும் லேட்தானே?" என்றாள் நாத்தனார்.

"லேட்தான்" என்றாள் அண்ணி.

முதல் லாட்ஜில் துணி மூட்டையை ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்தாள். இரண்டாவதில், இஸ்திரிக்குப் போக வேண்டிய துவைத்த துணி மாடியில் காய்கிறது என்றார்கள், மேலே போனாள். கொடியில் கிடந்த போர்வைகளெல்லாம் வடக்கைப் பார்த்துப் படபடத்துக்கொண்டிருந்தன. நேற்று இந்நேரம் அவை தெற்கைப் பார்த்து ஆடியிருக்கும். காற்று திரும்பிவிட்டது. எப்போது திரும்பியதோ! நாத்தனார் போர்வைகளை ஒவ்வொன்றாக, மூலைக்கு மூலை சேர்த்து, புது மணப்பெண்ணின் சீர்த் துணியை மடிப்பது போல மடித்தாள். கீழே வந்து அண்ணியிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு டீசல் போட்டாள். பிறகு டயருக்குக் காற்றுப் பார்த்தாள். பிறகு நல்ல சாலையை விட்டுவிட்டு, ரயில்வே கேட் உள்ள சாலையில் போனாள். கேட் மூடியிருந்தது. அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. மடியில் பைனாகுலரை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்டைத் தாண்டி, வீடுகள் முடிந்து, வெட்டவெளிச் சாலையில் வந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஏதோ கூட்டம் பேசிக்கொண்டே வருவது போல, ஆனால் மேலே. நாத்தனார் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். வானத்தில் ஒரு கோடு. கோடு நடுவில் உடைந்து, ஒரு பக்கம் நீண்டு, மறுபடி சேர்ந்தது. அறுபது எழுபது மூக்கன்கள், சாயங்கால வெளிச்சம் வயிற்றில் பட்டுத் தணல் போலச் சிவந்து, கத்திக்கொண்டே அவர்கள் தலைக்கு மேல் போயின. பின்னால் இன்னொரு கோடு. அதற்கும் பின்னால், வெகு உயரத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இன்னொன்று.

நாத்தனார் வேனை நடுச்சாலையில் நிறுத்திவிட்டாள். அவள் நினைத்ததுதான் நடந்துகொண்டிருந்தது. பறவைகள் காற்றைப் பார்த்துச் சீக்கிரமே கிளம்பிவிட்டன; இன்னும் கொஞ்சம் தாமதித்தால் கரையில் ஒன்றும் மிஞ்சாது; ஒரு வருஷம் கையில். ஆனால் அந்தக் கோடு போன திசையைப் பார்த்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவை எந்தச் சாலையில் போகின்றன? ராத்திரி எங்கே நிற்கும்? நிற்காது என்றாளே அண்ணி. குடலையும் ஈரலையும் சுருக்கிக்கொண்டு, மூட்டை முடிச்சு இல்லாமல், ஒன்றை ஒன்று கூப்பிட்டுக்கொண்டு, கண்காணாத வடக்குக்கு. இதைப் போய் ஒருத்திக்குக் காட்டாமல் மறைப்பதா? எந்த நல்ல காரணத்துக்காகவானாலும்?

"பிடிச்சுக்கோங்க அண்ணி" என்றாள். வேன் பறந்தது.

கரைப் பாதையின் தொடக்கத்தில் வண்டி போகாதபடி கல் நட்டிருந்தார்கள். அங்கிருந்து நடக்க வேண்டும். அண்ணி இறங்கி நாலு அடி வைத்ததும் மார்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மேலே இன்னொரு கூட்டம் போயிற்று. நாத்தனாருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பிறகு ஓடிப்போய் வேனின் பின்கதவைத் திறந்தாள். போர்வை தள்ளுகிற கான்வாஸ் வண்டியை இழுத்து இறக்கினாள். நாலு சக்கரம், தொட்டில் மாதிரிப் பெரிய துணித் தொட்டி.

"ஏறுங்க."

"இதுலயா? அழுக்குத் துணியா நான்?"

"வெளுத்த துணிதான் உள்ள இருக்கு. பேசாம ஏறுங்க அண்ணி, காலைத் தூக்குங்க!"

மடித்த போர்வைகளின் மேல் அண்ணியை இறக்கி உட்கார வைத்து, நாத்தனார் தள்ளினாள். கல்லும் குழியுமான பாதை. ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. அண்ணி இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாடி, கொன்னுடாதே" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் சிரித்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, கரை மேல் போய் நின்றார்கள்.

பாதிக்கு மேல் போய்விட்டிருந்தன. மிச்சமிருந்தவை கரையோரம், கல் எறிந்தால் விழும் தூரத்தில், கொதித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் கத்தியது. ஒன்று இறக்கையை உயர்த்திப் பார்க்கும், பக்கத்தில் நிற்பதும் உயர்த்தும். கத்தல் ஏறிக்கொண்டே போய், இதற்கு மேல் ஏறாது என்று தோன்றிய நொடியில் ஒரு கூட்டம் அப்படியே எழும்பியது. நூறு ஈரப் போர்வைகளை ஒரே சமயத்தில் உதறிய சத்தம். அவர்கள் தலைக்கு மேலேயே சுற்றியது. இறக்கைக் காற்று அண்ணியின் தலைமயிரைக் கலைத்தது. இரண்டு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் உயரம் கூடியது. பிறகு முன்னால் ஒன்று திரும்பியது, மற்றவை தட்டுத் தடுமாறிப் பின்னால் இடம் பிடித்தன, கோணல் கோடு நேரானது. ஐந்தாறு மட்டும் மனம் மாறிக் கூட்டத்திலிருந்து கழன்று கீழே வந்து, அடுத்த கூட்டத்தில் சேர்ந்துகொண்டன.

"பஸ் மாறி ஏறுது பாரு" என்றாள் அண்ணி. பைனாகுலர் கழுத்தில் தொங்கியது. அதை அவள் எடுக்கவே இல்லை. வாய் திறந்திருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

மறுபடி ஒரு கூட்டம். மறுபடி. ஒவ்வொரு முறையும் அது முதல் முறை மாதிரியே இருந்தது. யாரும் சொல்லவில்லை, மணி அடிக்கவில்லை, அட்டவணை இல்லை. சேற்றில் பிழைக்கும் ஒரு பறவைக்கு இன்றைக்கு, இந்தக் காற்றில், இந்தக் கணம் என்று எப்படித் தெரிகிறது? வாழ்நாள் முழுக்க வண்டி கிளப்பியவள் அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நாத்தனார் தள்ளுவண்டியின் கைப்பிடியை விடவில்லை. விட்டால் தானும் எங்கேயாவது மிதந்துவிடுவோம் என்று பயமாக இருந்தது அவளுக்கு. இவ்வளவு பெரிய விஷயம் தன் வேன் ஓடும் சாலைக்கு மேலே ஒவ்வொரு வருஷமும் நடந்திருக்கிறது, தான் ஒரு முறை கூட நிமிர்ந்து பார்த்ததில்லை என்று நினைத்தாள்.

கடைசிக் கூட்டம் போனபோது வெளிச்சம் மங்கிவிட்டது. அந்தக் கத்தல் மெலிந்து மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று காது தடுமாறுகிற வரை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் விளிம்பில் கொஞ்சம் வெளிறிய மூக்கன்கள் மட்டும் இருந்தன. போன வருஷம் பிறந்த குஞ்சுகள், இந்த வருஷம் போகாதவை. அவை எதையும் கவனிக்காமல் அலகைச் சொருகித் தின்றுகொண்டிருந்தன.

நாத்தனாரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அண்ணி, நான் வேணும்னேதான் லேட் பண்ணினேன். காத்து திரும்பிடுச்சுன்னு லாட்ஜ் மாடியிலயே எனக்குத் தெரியும். நீங்க இதைப் பாக்கக் கூடாதுன்னுதான்..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஏன்டி, எத்தனை டிரைவரைப் பாத்திருக்கேன் நான்? வேணும்னே லேட் பண்றவன் எப்படி ஓட்டுவான்னு எனக்குத் தெரியாதா? நேத்துதான் டயருக்குக் காத்து பிடிச்சே. கேட் ரோட்டுல இந்நேரம் எந்த மடையன் போவான்?"

"அப்புறம் ஏன் சும்மா இருந்தீங்க?"

அண்ணி வீங்கிய கால்களைப் போர்வை மேல் நீட்டிக்கொண்டாள்.

"நீ எதுக்குப் பண்றேன்னும் தெரிஞ்சுதே. எனக்காக ஒருத்தி டயருக்கு ரெண்டாந்தரம் காத்து பிடிக்கிறா. எப்படித் திட்டுறது?" என்றாள். பிறகு இருட்டிய வடக்குப் பக்கமே பார்த்துக்கொண்டு, "ஒரு தடவை பாத்துட்டா போதும்னு நினைச்சேன்டி. இதோட திருப்தியாயிடும்னு. போதலையே. கொஞ்சங்கூடப் போதலை. முன்பாதிய வேற விட்டுட்டோம்" என்றாள்.

நாத்தனாருக்கு அவள் சொன்னதன் அர்த்தத்தைத் தொட்டுப் பார்க்கவே பயமாக இருந்தது.

"நாளைக்குக் காலையில எத்தனை மணிக்கு வர்றே?" என்றாள் அண்ணி.

"எங்க அண்ணி?"

"ஆஸ்பத்திரிக்குத்தான். செவ்வாய்க்கிழமை இல்ல?"

நாத்தனார் தள்ளுவண்டியின் விளிம்பில் தலையை வைத்துக்கொண்டு, யார் கேட்டால் என்ன என்று குரல்விட்டு அழுதாள். கேட்க அங்கே யாரும் இல்லை, தின்றுகொண்டிருந்த அந்தக் குஞ்சுகளைத் தவிர. அண்ணி அவள் தலையைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"சரி, மிச்சத்தை வீட்டுல போய் அழுதுக்கலாம்" என்றாள். "இப்ப தள்ளு. உங்க அண்ணன் வாசல்லயே நிப்பாரு."